போட் மெயில்: வகுப்பில் நான் சொல்லாமல் விட்ட பாதி



ஐந்தாம் வகுப்பில் நான் போட் மெயில் பற்றிச் சொன்னது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். எழும்பூரில் டிக்கெட் வாங்கினால் கொழும்பு வரை போகலாம் என்றதும் உங்கள் கண்கள் விரியும். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு வந்த வசதி அது. எழும்பூரில் ஏறினால் மறுநாள் தனுஷ்கோடி. ஒரு பக்கம் பாக் நீரிணை, மறு பக்கம் மன்னார் வளைகுடா, நடுவே வெறும் மணல். ராஜஸ்தானில் ஒரு துண்டை வெட்டிக் கடலில் போட்டது மாதிரி! ரயிலை விட்டு இறங்கினால் பக்கத்திலேயே கப்பல். சுமார் 35 கி.மீ. தாண்டினால் தலைமன்னார். அங்கேயும் மணல்தான். அங்கிருந்து இன்னொரு ரயில், அனுராதபுரம் வழியாகக் கொழும்புக்கு.

1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடியே போயிற்று. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலை அலை அடித்துக்கொண்டு போனது. ஏறியிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. பாடத்தை அங்கேயே முடித்துவிடுவேன்.

சொல்லாமல் விட்டது இது. தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலி ஜனங்களுக்கு அந்தப் பயணம் நேராக அமையவில்லை. மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் அவர்களை நிறுத்தி வைத்து, நோய் இல்லை என்று பார்த்த பிறகே கப்பலேற்றினார்கள். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தார்கள். 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களை எந்த நாட்டுக்கும் சேராதவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று. ஏதோ மூட்டைகளைப் பங்கு பிரிப்பது போல! இரண்டு மாதம் முடிவதற்குள் புயல். அதனால் கப்பல் ராமேஸ்வரத்துக்கு வர ஆரம்பித்தது. "தாயகம் திரும்பியோர்" என்று காகிதத்தில் எழுதப்பட்டவர்களில் பலர் இந்தியாவை முதல் தடவையாகப் பார்த்ததே அங்கேதான். இறங்கியதும் மறுபடி அதே மண்டபம் முகாம்.

1982-ல், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வகுப்புக்கு ஒரு புதுப் பையன் வந்தான். "சொந்த ஊர் எது?" என்று கேட்டேன். "கண்டி" என்றான். பிள்ளைகள் சிரித்தார்கள். "அது வெளிநாடுப்பா, உன் சொந்த ஊரைச் சொல்லு" என்று நானும் சிரித்தேன். அவன் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிட்டான்.

அவன் இன்று ஐம்பதைத் தாண்டியவன். இந்தப் பதிவையும் படிப்பான். உன் ஊர் கண்டிதானப்பா. அன்று நான் திருத்தியது தப்பு.