சித்தியின் பாஸ்புக்கும் நூறு வருசக் கதையும்

2023 செப்டம்பர் கடைசியில ஊருக்குப் போயிருந்தேன். ஊருன்னா ராயப்பன்பட்டி. கம்பம் பள்ளத்தாக்குல, உத்தமபாளையம் பக்கம். திராட்சைத் தோட்டத்துக்கு நடுவுல இருக்கிற ஊருங்க. சித்தி அந்தத் தோட்டங்கள்லதான் கொத்து வெட்டப் போறவங்க. நான் போய் உக்காந்ததுமே பாஸ்புக்கை எடுத்து என் கையில குடுத்தாங்க.

"தம்பி, ஆயிரம் ரூவா வந்துருக்குன்னு போன்ல மெசேஜ் வந்துச்சு. போய் எடுக்கப் போனா ஒண்ணுமில்லங்கறாங்க. போட்டது ஒருத்தரு, எடுத்தது யாருப்பா?"

புரட்டிப் பார்த்தேன். எடுத்தது வங்கியேதான் :-( மினிமம் பேலன்ஸ் இல்லாததுக்கு அபராதம். ரெண்டு வருசம் முன்னாடி சித்தி மகன் டவுன்ல ஏதோ ஒரு வங்கியில கணக்கு ஆரம்பிச்சுக் குடுத்திருக்கான். ஏசி ரூம், கையோட கார்டு, சார் மேடம்னு மரியாதை. எவ்வளவு பணம் எப்பவும் இருக்கணும்னு மட்டும் யாரும் சித்திகிட்ட சொல்லல.

சித்திக்கு மட்டும் நடந்த கூத்து இல்ல இது. அந்த மாசம் 15-ம் தேதிதான் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்குச்சு. ஒரு கோடிக்கும் மேல பெண்கள், ஆளுக்கு ஆயிரம். பல இடங்கள்ல வங்கிங்க அதுல கை வச்சிட்டாங்க. அப்போ நிதியமைச்சரா இருந்த தங்கம் தென்னரசு வெளிப்படையாவே கண்டிச்சு அறிக்கை விட வேண்டி வந்துச்சு.

சித்திக்கு ஒரு நல்ல கணக்கு பார்த்துக் குடுக்கலாம்னு உக்காந்தேன். எது நல்ல கணக்குன்னு யோசிச்சா, அது நூறு வருசத்துக்கும் மேல பின்னால இழுத்துட்டுப் போயிருச்சு. கொஞ்சம் கூட வாங்க.

நம்ம பாட்டிமாருக்குப் பெரிய வங்கி கடுகு டப்பாதான். கேட்ட நேரத்துல காசு வரும், கையெழுத்து வேணாம். திருட்டு, தீ, வீட்டு ஆம்பளைங்க, இந்த மூணு பயம் மட்டும் உண்டு. அப்புறம் ஏன் மக்கள் வங்கியை நம்பல? நம்பினவங்க பட்ட பாடு அப்படி. 1906 அக்டோபர் 22-ல சென்னையில அர்பத்நாட் கம்பெனி திவாலாச்சு. வெள்ளைக்காரன் கம்பெனி, அதுக்கு மேல என்ன பாதுகாப்புன்னு போட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்க நடுத்தெருவுக்கு வந்துச்சு. முதலாளி சர் ஜார்ஜ் அர்பத்நாட் ஜெயிலுக்குப் போனாரு. ஜெயிலுக்குப் போனா போன காசு வருமா? அந்தச் சூட்டுலதான் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் மாதிரி ஆளுங்க சேர்ந்து, நம்ம காசு நம்ம கையிலயே இருக்கட்டும்னு 1907-ல இந்தியன் வங்கியைத் தொடங்கினாங்க.

சாதாரண சனத்துக்கு வங்கி வாசல்படி இன்னும் உசரமாத்தான் இருந்துச்சு. அவங்களுக்குக் கிடைச்சது தபாலாபீஸ். 1882-லயே தபால் சேமிப்பு வங்கி வந்தாச்சு. கவர் வாங்கப் போற அதே ஜன்னல்ல காசு போடலாம், எடுக்கலாம். சர்க்கார் பொறுப்பு. இன்னைக்கும் அப்படித்தான்.

அடுத்த அடி மலைக்கு அந்தப் பக்கம் விழுந்துச்சு. கம்பத்துல இருந்து குமுளி ஏறி, முண்டக்கயம் வழியா இறங்கினா பாலா. அந்த ஊர்ல இருந்த பாலாய் சென்ட்ரல் வங்கி கேரளாவுல பெரிய வங்கிகள்ல ஒண்ணு. 1960 ஆகஸ்ட் 8-ல ரிசர்வ் வங்கி கோர்ட்டுக்குப் போய் அதை மூட வச்சுது. முந்தின நாள் வரைக்கும் காசு எடுத்த கவுண்டர் மறுநாள் பூட்டு. அந்த அதிர்ச்சிக்கு அப்புறம்தான் டெபாசிட் காப்பீடுன்னு ஒண்ணு நாட்டுக்கு வந்துச்சு, 1962 ஜனவரி 1-ல இருந்து. அப்போ ஆளுக்கு 1,500 ரூபாய் வரைக்கும் உத்தரவாதம். 1993-ல ஒரு லட்சம், 2020 பிப்ரவரியில இருந்து அஞ்சு லட்சம். இன்னைக்கு நாம நிம்மதியா தூங்குற அஞ்சு லட்சத்துக்குப் பின்னால பாலாய்க்காரங்களோட தூங்காத ராத்திரிங்க இருக்கு.

பாதுகாப்பு வந்துச்சு, பக்கத்துல வரல. 1969 ஜூலை 19-ல இந்திரா காந்தி 14 வங்கிகளை நாட்டுடைமை ஆக்கினப்போ, இந்தியா முழுக்க இருந்த வங்கிக் கிளைகளே 8,262தான். அதுல கிராமத்துல இருந்தது 1,833. டவுன்ல ஒரு கிளை திறக்கணும்னா வங்கியே இல்லாத ஊர்ல நாலு திறக்கணும்னு 1977-ல விதி போட்டாங்க. 1990 வாக்குல கிளைங்க கிட்டத்தட்ட 60,000 ஆச்சு. எங்க அப்பா தலைமுறை முதல் தடவையா பித்தளை டோக்கனைக் கையில வச்சுட்டு பெஞ்சுல காத்திருந்தது அப்பதான். கணக்கு ஆரம்பிக்க, ஏற்கனவே கணக்கு இருக்கிற ஒருத்தர் கையெழுத்துப் போட்டு அறிமுகம் பண்ணணும். எங்க அப்பா ஒரு கையெழுத்துக்காக ஒருத்தர் வீட்டு வாசல்ல ரெண்டு நாள் நின்னாராம். பொண்ணு பார்க்கக் கூட அவ்வளவு நிக்கல :-))

1987-ல மும்பையில முதல் ஏ.டி.எம். வந்துச்சு. தொண்ணூறுகள்ல புதுசா தனியார் வங்கிங்க வந்தாங்க. டோக்கனும் பெஞ்சும் போச்சு, மினிமம் பேலன்ஸ் ஏறிடுச்சு. காசு எடுக்க வசதி கூடக் கூட, அந்த வசதி யாருக்குன்ற கேள்வியும் கூடுச்சு. அதுக்குப் பதிலா 2005 நவம்பர்ல ரிசர்வ் வங்கி, மினிமம் இல்லாத அல்லது ரொம்பக் கம்மியா இருக்கிற எளிய கணக்கு குடுங்கன்னு சொல்லுச்சு. நம்ம புதுச்சேரி மங்கலம் கிராமம்தான் அதுக்கு முன்மாதிரி. வீட்டுக்கு வீடு கணக்கு. 2012-ல அது அடிப்படை சேமிப்புக் கணக்குன்னு மாறுச்சு, 2014 ஆகஸ்ட் 28-ல ஜன்தன் வந்துச்சு.

இந்த அடிப்படைக் கணக்கைத்தான் நம்மாளுங்க ஜீரோ பேலன்ஸ்னு சொல்றது. எந்த வங்கியும் தரணும். பத்து பைசா இல்லாட்டியும் அபராதம் கிடையாது, கார்டுக்குக் காசு கிடையாது, மாசம் குறைஞ்சது நாலு தடவை சும்மா எடுக்கலாம். ஏற்கனவே இருக்கிற கணக்கையும் எழுதிக் குடுத்து இப்படி மாத்திக்கலாம். ஆனா கேட்டாத்தான் சொல்றாங்க. கேக்காதவங்ககிட்ட வசூலிச்சது எவ்வளவு தெரியுமா? 2019-20ல இருந்து 2023-24 வரைக்கும் அஞ்சு வருசத்துல பொதுத்துறை வங்கிங்க மட்டும் மினிமம் பேலன்ஸ் அபராதமா சுமார் 8,500 கோடி. அது சித்தி மாதிரி ஆளுங்க காசுங்க. ஸ்டேட் வங்கி 2020-லயே இந்த அபராதத்தை விட்டுடுச்சு. கனரா, இந்தியன் வங்கி எல்லாம் 2025-ல விட்டாங்க.

சரி, மேட்டருக்கு வருவோம். பழைய கதையில இருந்து மூணு கேள்வி எடுத்தேன். காசு பத்திரமா? பக்கத்துல கிடைக்குமா? இருக்கிறதை அரிக்காம இருக்குமா?

பத்திரம்னா எல்லா இடமும் ஒண்ணு இல்ல. 2020 நவம்பர்ல கரூர் லக்ஷ்மி விலாஸ் வங்கி தடுமாறினப்போ 25,000 ரூபாய்க்கு மேல எடுக்க முடியல. பத்து நாள்ல டி.பி.எஸ். வங்கியோட சேர்த்ததால யாரு காசும் போகல. ஆனா நம்ம ஊர் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கத்துல போடுற டெபாசிட்டுக்கு அந்த அஞ்சு லட்சக் காப்பீடு கிடையாது. சீட்டுக்கும் கிடையாது. நிறைய பேருக்கு இது தெரியாது, அதனால சொல்றேன்.

பக்கம்னு பார்த்தா, ஊருக்குள்ளயே விரல் வச்சுக் காசு எடுக்கிற மெஷின் இருக்கேன்னு சித்தியைக் கூட்டிட்டுப் போனேன். மூணு தடவை வச்சாங்க, மூணும் ஃபெயில். சின்ன வயசுல மலையில ஏலக்காய் பறிச்சது, அப்புறம் இருபது வருசம் திராட்சை. ரேகை எங்க இருக்கும்? சித்தி தன் விரலையே திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "நாந்தாம்ப்பான்னு எப்படிச் சொல்றது?"ன்னாங்க. எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு.

கடைசியில ரெண்டு கணக்கு. உத்தமபாளையத்துல ஒரு பொதுத்துறை வங்கியில ஜீரோ பேலன்ஸ். ஆதாரையும் அதோட இணைச்சாச்சு, ஏன்னா சர்க்கார் காசு ஆதார் கடைசியா இணைச்ச கணக்குலதான் விழும். இன்னொண்ணு ஊர் தபாலாபீஸ்ல. அங்க 500 ரூபாய் இருக்கணும், அதைத் தொடாதீங்கன்னு சொல்லிட்டேன். நடந்து போய் ஃபாரத்துல கையெழுத்துப் போட்டா காசு. விரல் கேக்க மாட்டாங்க. பழைய வங்கியிலயே எழுதிக் குடுத்து மாத்தியிருக்கலாம். சித்தி ஒத்துக்கல. "எடுத்தவங்ககிட்டயே திரும்பவுமா?"

கிளம்புறப்போ, "சித்தி, கார்டு பின்னால நம்பர் எழுதி வச்சிராதீங்க"ன்னேன்.

"எழுதல தம்பி. சீட்டுல எழுதி கடுகு டப்பாவுல போட்டிருக்கேன்."

1882-ல இருந்து எத்தனை பேரு போட்டி போட்டாலும் அந்த டப்பாவை அசைக்க முடியல பாருங்க :-) உங்க வீட்டுப் பெரியவங்க பாஸ்புக்கையும் ஒரு தடவை புரட்டிப் பாருங்க. போட்டது யாரு, எடுத்தது யாருன்னு.