ஆலமரத்தைப் படம் பிடித்த கதை

1979-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். கல்கத்தாவில் உத்தியோகம், லேக் மார்க்கெட் பக்கம் இரண்டு அறை வாடகை வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு, ஹௌரா போய் பஸ் மாறி, ஷிப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு என் மனைவியுடன் சென்றேன். கையில் அக்ஃபா கிளிக் III காமிரா. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். அவற்றில் ஏழை அங்கிருந்த பெரிய ஆலமரத்துக்கே செலவழித்தேன்.

பத்து நாள் கழித்துப் பிரதிகள் வந்தன. மனைவி ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏன்னா, இதுல மரம் எங்கே? வெறும் தூணும் கயிறுமான்னா தெரியறது!"

அவள் சொன்னது முழுக்க நிஜம். ஏழு படங்களிலும் விழுதுகள் இருந்தன, நிழல் இருந்தது, ஒன்றில் டிபன் காரியர் கூட இருந்தது. மரம் இல்லை. பல வருஷங்களுக்குப் பிறகுதான், இந்தத் தோல்வி எனக்கு மட்டும் உரியதல்ல, இதற்கு நூற்றைம்பது வருஷச் சரித்திரம் உண்டு என்று தெரிந்துகொண்டேன்.

ஷிப்பூர் பூங்காவை 1787-இல் நிறுவியவர் கர்னல் ராபர்ட் கிட். ஆலமரம் அதற்கும் முந்தியது. வயது 250-க்கு மேல் என்று கணக்கு. ஓர் ஈச்ச மரத்தின் தலையில் பறவை போட்ட விதையிலிருந்து முளைத்தது என்றும், அந்த ஈச்ச மரத்தடியில் ஒரு பக்கீர் உட்கார்ந்திருந்தார் என்றும் வழிவழியாகச் சொல்வார்கள். பக்கீர் விஷயம் எப்படியோ, விதை விஷயம் தாவரவியலுக்குப் பொருந்துவதுதான். ஆல் பெரும்பாலும் இன்னொரு மரத்தின் மேல்தான் பிறக்கிறது. பிறகு வேரை இறக்கி, தாங்கிய மரத்தையே இறுக்கி மூடிவிடுகிறது.

1864 அக்டோபரில் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் பூங்காவின் மரங்களில் பாதிக்கு மேல் சாய்ந்தன. 1867-இல் இன்னொரு புயல். ஆலமரம் பிழைத்தது, ஆனால் கிளைகள் முறிந்த இடங்களின் வழியே காளான் நோய் புகுந்தது. அறுபது வருஷம் போல மெல்ல மெல்லச் செல்லரித்து, 1925-இல் அடிமரத்தையே வெட்டி அகற்ற வேண்டியதாயிற்று. அப்போது அதன் சுற்றளவு ஐம்பது அடிக்கு மேல். நடுமரம் போன பின்பும் மரம் சாகவில்லை. விழுதுகளே அடிமரங்களாகி, மூவாயிரத்துக்கு மேற்பட்ட கால்களுடன் மூன்றரை ஏக்கருக்கு மேல் பரவி நிற்கிறது. இளம் விழுதுகள் தரையைச் சேர்வதற்கு மூங்கில் குழாய்க்குள் மண்ணிட்டு வழிகாட்டுகிறார்கள். 2020 மே மாத அம்ஃபான் புயலிலும் அடிபட்டது, ஆனால் நிற்கிறது.

இந்த மரத்தைப் பழங்காலத்தில் படம் எடுத்தவர்களில் முக்கியமானவர் சாமுவேல் பூர்ன். 1863-இல் கல்கத்தா வந்து இறங்கி, 1870 வரை நம் நாட்டில் இருந்தார். அவர் பெயரைத் தாங்கிய பூர்ன் அண்ட் ஷெப்பர்ட் ஸ்டுடியோ 2016-இல் மூடப்படும் வரை கல்கத்தாவில் இருந்தது. அந்நாளைய முறை ஈரக் கொல்லோடியன் முறை. கண்ணாடித் தகட்டில் கொல்லோடியனை ஊற்றி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, அங்கேயே இருட்டுக் கூடாரத்தில் கழுவியாக வேண்டும். பூர்ன் இந்தச் சாமான்களையெல்லாம் கூலியாட்களின் தலையில் ஏற்றி இமயமலைக்கே மூன்று முறை போனவர்.

ரசாயனம் படித்தவன் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அந்தத் தகடு நீல ஒளிக்குத்தான் நன்றாக உணர்வு கொள்ளும். பச்சைக்கு மிகவும் மந்தம். ஆகவே வானம் வெளுத்துப் போகும், இலைகள் கறுத்துப் போகும். போதாக்குறைக்கு, மூடியைத் திறந்து பல விநாடிகள் காத்திருக்க வேண்டும். அதற்குள் காற்றடித்தால் இலைகள் எல்லாம் பஞ்சு மாதிரி கலங்கிவிடும். அக்காலத்து மரப் படங்களில் தண்டும் விழுதும் கூர்மையாகவும் தழை மட்டும் மங்கலாகவும் இருப்பது இதனால்தான். மரத்தின் பருமன் தெரிவதற்காக அடியில் ஓர் ஆளை நிறுத்துவது வழக்கம். அந்த ஆட்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

1925-க்கு முந்தைய படங்களுக்கு இன்று தனி மதிப்பு உண்டு. அடிமரம் எங்கே, எப்படி நின்றது என்பதற்கு அவையே சாட்சி. எடுத்தவர்கள் அதை எண்ணியிருக்க மாட்டார்கள்.

பின்னர் பெங்களூருக்கு மாற்றலாயிற்று. 1996-இல் ஒரு விடுமுறை நாளில் ஆந்திரத்தின் திம்மம்மா மர்ரிமானு பார்க்கப் போனேன். கதிரி நரசிம்ம ஸ்வாமியைத் தரிசித்துவிட்டு அங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர். அப்போது அனந்தபூர் ஜில்லா. 2022 முதல் ஸ்ரீ சத்திய சாய் மாவட்டம். புட்டபர்த்தியும் அதே மாவட்டம்தான், அங்கு போகும் அன்பர்கள் ஒரு நாள் ஒதுக்கலாம்.

வழியெல்லாம் மொட்டைப் பாறைக் குன்றுகள், வேர்க்கடலைக் காடு, முள். மழை மிகக் குறைந்த சீமை. அதன் நடுவே, தூரத்தில், ஒரு சிறு பச்சைக் குன்று மாதிரி தெரிந்தது. கிட்டப் போனால் தோப்பு. உள்ளே போனால்தான் ஒரே மரம் என்று சொல்கிறார்கள். அப்போதும் கண் நம்ப மறுக்கிறது. விதானத்தின் பரப்பு 19,107 சதுர மீட்டர், ஏறத்தாழ ஐந்து ஏக்கர். 1434-இல் கணவனின் சிதையில் ஏறிய திம்மம்மா என்ற பெண்ணின் கதையோடு மரத்தை இணைக்கிறார்கள். சிதைக்கு நட்ட கம்பு துளிர்த்ததாம். அந்தக் கதையின் முதல் பாதியை இன்று மனம் ஏற்பதில்லை. ஆனால் உள்ளே இருக்கும் அவளுடைய சிறு கோயிலில் பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுகிறவர்களைப் பார்த்து நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆலின் வயதை விஞ்ஞான ரீதியாகச் சொல்வது கஷ்டம். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் 704 வளையங்கள் கொண்ட தேவதாரு வெட்டுத்துண்டு ஒன்றை வைத்திருக்கிறார்கள். குளிர்ப் பிரதேச மரமாதலால் வருஷத்துக்கு ஒரு வளையம், ஒருவர் உட்கார்ந்து எண்ணிவிடலாம். ஆலுக்கு அப்படித் தெளிவான வளையங்கள் கிடையாது. போதாததற்கு, மூல அடிமரமே பெரும்பாலும் மிஞ்சுவதில்லை. ஷிப்பூரில் 1925-இல் போனது, அடையாறு பிரம்மஞான சபை ஆலமரத்தில் 1989 புயலில் சாய்ந்தது. எண்ணுவதற்கு அங்கே எதுவும் இல்லை.

திம்மம்மா மரத்தை உலகுக்குத் தெரியப்படுத்தியவர் பெங்களூரைச் சேர்ந்த பத்திரிகையாளரும் புகைப்படக்காரருமான சத்யநாராயண ஐயர். இவர் தம்மை 'ரிக்ரெட் ஐயர்' என்று அழைத்துக்கொண்டவர். பத்திரிகைகளுக்கு அனுப்பியதெல்லாம் 'வருந்துகிறோம்' என்ற கடிதத்துடன் திரும்பி வர, அக்கடிதங்களைச் சேர்த்து வைத்து, அந்தச் சொல்லையே பெயராக்கிக்கொண்டார். அவருடைய முயற்சியால் 1989-இல் மரம் கின்னஸ் புத்தகத்தில் இடம் பெற்றது. (நம் ஆசிரியருக்கு இது மறைமுக எச்சரிக்கை அல்ல.)

அன்று நான் மரத்துக்குள் நின்று ஒரு படமும் எடுக்கவில்லை. மனைவியின் கேள்வி ஞாபகம் இருந்தது. வெயிலில் நடந்து, எதிரே ஒரு பாறை மேல் ஏறி, கடலைக் காடும் குன்றும் ஒற்றையடிப் பாதையும் சேர எடுத்தேன். மரம் படத்தில் கட்டை விரல் அளவுதான். ஆனால் இம்முறை அவள் ஒன்றும் கேட்கவில்லை.

இனி சொல்லப் போவதை இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை. 1986 வாக்கில், ஒரு மாவட்டச் சாலையை அகலப்படுத்தும் திட்டக் கோப்பு என் மேஜைக்கு வந்தது. துறையும் ஊரும் வேண்டாம். இருபுறமும் ஆல், புளி, வேம்பு என இருநூறுக்கு மேல் மரங்கள். ஏலத்துக்காக ஒவ்வொன்றுக்கும் வெள்ளைப் பெயின்ட்டில் எண் போட்டு, எண் தெளிவாகத் தெரியும்படி மூன்றடி தூரத்திலிருந்து படம் எடுத்து இணைத்திருந்தார்கள். அசோகர் சாலையோரம் ஆலமரம் நட்டதை அவரே பொறித்து வைத்த ஏழாம் தூண் சாசனம் டில்லி ஃபிரோஸ் ஷா கோட்லாவில் நிற்கிறது. அதை நேரில் பார்த்தவன்தான் நான். இருந்தும், இருநூறு பட்டைகளையும் இருநூறு எண்களையும் புரட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் படங்களில் எங்குமே ஒரு சாலை இல்லை, நிழல் இல்லை. இருந்திருந்தால் பேனா நின்றிருக்குமா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. பேருந்துகளும் லாரிகளும் மோதிக்கொள்ளும் சாலை அது, அகலம் தேவைதான். வேறு பக்கம் வளைக்க முடியுமா என்று ஒரு குறிப்பாவது எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

ஹைதராபாதிலிருந்து செவெள்ள வழியாக பிஜாப்பூர் செல்லும் சாலையில் சுமார் 900 ஆலமரங்கள் உண்டு. அதை அகலப்படுத்தும் திட்டம் வந்தபோது, தன்னார்வலர்கள் மரம் மரமாகப் படம் எடுத்து, எந்த இடம் என்று பூகோள அளவைகளுடன் குறித்தார்கள். விஷயம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று. அச்செய்திகளைப் படித்த அன்றுதான் பழைய பெட்டியைத் திறந்தேன்.

அந்தக் கோப்பின் படங்களை எடுத்தவர் உள்ளூர் ஸ்டுடியோக்காரர். சுருளில் கடைசியாக ஒரு படம் மிச்சமிருக்க, எங்கள் பியூனை அவர் சைக்கிளுடன் சாலை நடுவில் நிறுத்தி எடுத்திருக்கிறார். எண் இல்லாததால் அது கோப்பில் சேரவில்லை. என் டைரிக்குள் தங்கிவிட்டது. பியூன் முகம் சரியாக விழவில்லை. அவருக்குப் பின்னால் சாலை ஒரு பச்சைக் குகை மாதிரி நீண்டு போகிறது. பூதக் கண்ணாடி வைத்து எண்ணினேன்: இடப்பக்கம் எட்டு மரம், வலப்பக்கம் ஆறு. அந்த இருநூறில் நின்ற நிலையில் மிஞ்சியவை இந்தப் பதினான்குதான்.

உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அகத்து ஆல்பங்களில் பூணூல் கல்யாணம், ஜானவாசம், கிராமத்துக் குளக்கரை என்று எடுத்த பழைய படங்கள் இருக்கும். மனிதர்களுக்குப் பின்னால் ஏதாவது பெரிய மரம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், ஊர், தெரு, வருஷம் மூன்றையும் படத்தின் பின்புறம் எழுதி வையுங்கள். மெதுவான பென்சிலால், ஓரமாக. பால்பாயின்ட் பேனா வேண்டாம். முன்பக்கம் வடு விழும்.