மூன்று தொகுதிகளும் ஓர் எழுத்தாளரும்

இலண்டன் மாநகரிலே கிரப் தெரு என்றொரு தெரு இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் கூலிக்கு எழுதி வயிறு வளர்த்தோர் பலர் அத்தெருவையும் அதன் சுற்றுப்புறத்தையும் உறைவிடமாகக் கொண்டிருந்தனர். ஆதலால், அப்பெயர் ஓர் இடத்தைக் குறிப்பதோடு நில்லாது, ஒரு வாழ்க்கை முறைக்கே பெயராயிற்று. 1830 ஆம் ஆண்டில் அத்தெருவுக்கு மில்ற்றன் தெரு எனப் புதுப்பெயர் சூட்டினர். பெயர் மறைந்ததே தவிர, அது குறித்த வாழ்க்கை மறையவில்லை. அறுபது ஆண்டுகள் கழித்து, 1891 இல், 'புதிய கிரப் தெரு' என்ற நாவலால் அவ்வாழ்க்கையை மீண்டும் உலகின் கண்முன் நிறுத்தினார் ஜோர்ஜ் கிசிங். அவர் எழுதியது கற்பனைக் கதை. ஆயினும், அதில் வரும் வறுமையும் ஏக்கமும் அவர் தாமே அனுபவித்தவை.

கிசிங் 1857 ஆம் ஆண்டில் வேக்பீல்ட் என்னும் ஊரில் ஒரு மருந்துக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தார். பதின்மூன்று வயதில் தந்தையை இழந்தார். கல்வியில் மிகச் சிறந்து, மஞ்செஸ்டரிலுள்ள ஓவன்ஸ் கல்லூரியிற் பரிசுகள் பல பெற்றார். ஆனால், வறுமைப்பட்ட ஒரு பெண்ணைக் காக்க வேண்டுமென்ற வேகத்தில் சக மாணவரின் பணத்தைத் திருடி, 1876 இல் ஒரு மாதச் சிறைத் தண்டனை அடைந்தார். பல்கலைக்கழக வாழ்வு அத்துடன் முடிந்தது. அமெரிக்கா சென்று, சிக்காகோவிற் பசியோடு போராடிய நாட்களிலே, பத்திரிகைக்குச் சிறுகதை எழுதிப் பிழைத்தார். எழுத்து அவருக்குச் சோறிட்டது அங்கேதான். 1877 இல் தாய்நாடு திரும்பி, இலண்டனிற் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்தபடியே நாவல் எழுத முற்பட்டார்.

அவர் அடியெடுத்து வைத்த நூல் வாணிகம் விசித்திரமானது. வால்டர் ஸ்கொட் காலந்தொட்டு, ஆங்கிலப் புது நாவல் மூன்று தொகுதிகளாகவே வெளிவருவது வழக்கம். அதன் விலை 31 ஷிலிங் 6 பென்ஸ். சாதாரணத் தொழிலாளி ஒருவரின் வாரக் கூலியிலும் அது அதிகம். அவ்விலை கொடுத்து நாவல் வாங்கிய குடும்பங்கள் அரியவை. எனின், வாங்கியோர் யார்? வாசகருக்கு நூல்களை இரவல் கொடுத்த வாணிக நூல் நிலையங்களே வாங்கின. அவற்றுள் தலையாயது சார்ள்ஸ் எட்வர்ட் மியூடி நிறுவிய நூல் நிலையம். ஆண்டுக்கு ஒரு கினி செலுத்துவோர் ஒரு வேளைக்கு ஒரு தொகுதி வீதம் பெற்றுப் படிக்கலாம். ஒரே நாவல் மூன்று துண்டுகளாய் இருந்தமையால், ஒரு பிரதியை மூன்று வீடுகளில் ஏககாலத்தில் உலவவிட முடிந்தது. நூல் நிலையத்துக்கு அது இலாபம். சில நூறு பிரதிகளை அது வாங்கிவிட்டாற் பிரசுரகர்த்தருக்கும் நட்டமில்லை.

நட்டமடைந்தது நாவலும் நாவலாசிரியருமே. கதை சிறிதாயினும் பெரிதாயினும் மூன்று தொகுதிகளை நிரப்பியாக வேண்டும். உரையாடலை நீட்டியும், கிளைக்கதை சேர்த்தும், வருணனையைப் பெருக்கியும் எழுத்தாளர்கள் பக்கங்களை நிறைத்தனர். அக்கால நாவல்கள் பலவற்றில் நடுத்தொகுதி சோர்வு தருவதற்கு இதுவும் ஒரு காரணம். அன்றியும், நூல் நிலையம் ஒழுக்கக் குறைவென்று கருதிய நாவலை வாங்க மறுத்தால், அந்நாவல் பிறந்தும் பிறவாததே. ஜோர்ஜ் மூர் என்னும் எழுத்தாளர் இவ்வதிகாரத்தை எதிர்த்து 1885 இற் கண்டனம் எழுதியதோடு, தமது நாவலை ஒரே தொகுதியாக 6 ஷிலிங் விலைக்கு வெளியிடவும் செய்தார்.

கிசிங்கின் முதல் நாவல் 1880 இல் வெளியாயிற்று. பிரசுரகர்த்தர் எவரும் பொறுப்பேற்க முன்வராமையால், தமக்குக் கிடைத்த மரபுரிமைப் பணத்தில் 125 பவுணைச் செலவிட்டு அவரே அதனை வெளியிட வேண்டியதாயிற்று. முதற் கணக்குத் தீர்த்தபோது அவர் கைக்கு வந்தது 16 ஷிலிங் மாத்திரமே. அதன்பின், நாவலின் உரிமை முழுவதையும் ஒரு தொகைக்கு விற்றுவிடும் வழக்கத்தை மேற்கொண்டார். நாள்தோறும் இத்தனை பக்கம் என்று கணக்கிட்டு எழுதினார். பிடிக்காதபோது எழுதியதைக் கிழித்தெறிந்து மீண்டும் தொடங்கினார். 'புதிய கிரப் தெரு' அவ்வாறு பன்முறை தொடங்கிக் கைவிடப்பட்டு, இறுதியில் 1890 ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் ஏறக்குறைய இரண்டே மாதத்தில் எழுதி முடிக்கப்பட்டது. அதற்கு அவர் பெற்ற விலை 150 பவுண். நூல் நன்கு பேசப்பட்டு மறுபதிப்புக் கண்டது. ஆயினும், விற்ற உரிமை விற்றதே; புதிய பதிப்புகளின் பயன் பிரசுரகர்த்தரைச் சேர்ந்தது.

அந்நாவலில் வரும் றியர்டன் என்னும் எழுத்தாளன் மூன்று தொகுதிகளை நிரப்ப முடியாது மனம் நொந்து அழிகிறான். மில்வெயின் என்பவனோ சந்தையின் போக்கறிந்து எழுதி உயர்கிறான். கிசிங்கின் அனுதாபம் றியர்டனிடத்தே இருந்தது. எனினும், மில்வெயினை அவர் வெறும் கயவனாகச் சித்திரிக்கவில்லை. காலம் மாறுவதை அறிந்தவன் அவனே என்பதை மறைக்காது காட்டினார்.

காலமும் விரைந்து மாறியது. மலிவுப் பதிப்புகள் வெகு சீக்கிரத்தில் வெளிவந்தமையால், நூல் நிலையங்களிற் பழைய முத்தொகுதிகள் தேடுவாரற்றுக் குவிந்தன. 1894 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், மியூடியின் நிலையமும் டபிள்யூ. எச். ஸ்மித் நிலையமும் இனித் தொகுதி ஒன்றுக்கு 4 ஷிலிங்குக்கு மேற் கொடுப்பதில்லை என அறிவித்தன. எழுபது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்த ஏற்பாடு மூன்றே ஆண்டுகளிற் குலைந்தது. 1897 இல் வெளிவந்த முத்தொகுதி நாவல்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவையே. 6 ஷிலிங் விலையுள்ள ஒற்றைத் தொகுதி அவ்விடத்தைப் பிடித்தது.

கிசிங்குக்கு இது விடுதலையா? ஒரு வகையில் விடுதலையே. பக்கம் நிரப்பும் கொடுமை ஒழிந்தது. 1895 ஆம் ஆண்டில் மாத்திரம் அவருடைய குறுநாவல்கள் மூன்று வெளிவந்தன. சஞ்சிகைகள் சிறுகதை கேட்டன. எழுத்தாளருக்காகப் பேரம் பேசும் முகவர்கள் தோன்றினர். அவரும் அவர்களை நாடினார். 1884 இல் நிறுவப்பெற்ற ஆசிரியர் சங்கம் எழுத்தாளரின் உரிமைக்காக வாதாடியது. விற்பனைக்கேற்ற பங்கு பெறும் முறையும் பரவியது. ஆனால், பழைய முறை எழுத்தாளருக்குச் சிறிதாயினும் நிச்சயமான தொகையைக் கொடுத்து, பெருகும் இலாபத்தைப் பறித்தது. புதிய முறை இலாபத்திற் பங்கு கொடுத்து, நிச்சயத்தைப் பறித்தது. ஆயிரக்கணக்கில் விற்கும் எழுத்தாளருக்கு அது பொற்காலம். நிதானமாக, சிலருக்கென எழுதியவருக்கோ, ஒரு கவலை போய் மற்றொரு கவலை வந்தது. அந்தோனி டிரொலொப் போன்ற நாவலாசிரியருக்கு அஞ்சற்றுறை உத்தியோகம் நெடுங்காலம் துணை நின்றது. கிசிங்குக்குப் பேனாவைத் தவிர வேறு துணை இருக்கவில்லை.

அவருடைய நூல்களுள் வாசகர் பெரிதும் விரும்பியது 'ஹென்றி றைக்ரொஃப்ற்றின் அந்தரங்கக் குறிப்புகள்' என்பது. நெடுநாள் எழுதிக் களைத்த ஒருவர், ஆண்டுக்கு 300 பவுண் வருமானத்தை எதிர்பாராது பெற்று, நாட்டுப்புறத்து வீட்டிலே நூல்களோடு அமைதியாக வாழ்வதை அது கூறுகிறது. பணத்துக்காக எழுதும் தேவை நீங்கிய எழுத்தாளனின் கனவு அது. அந்நூல் 1903 இல் வெளிவந்தது. அவ்வாண்டு டிசம்பர் 28 ஆம் நாள், பிரான்ஸ் தேசத்தின் தென்கோடியில், நாற்பத்தாறாம் வயதிற் கிசிங் காலமானார். கனவு கைகூடவில்லை.

மூன்று தொகுதிகள் போய் ஒரு தொகுதி வந்தது. அதன்பின் மலிவுப் பதிப்புகள் வந்தன; இன்று மின்னூல்களும் வந்துள்ளன. ஒவ்வொரு மாற்றத்திலும் வாசகருக்கு நூல் எளிதாகக் கிட்டியது, அது நன்மையே. ஆனால், நூலின் விலை குறைந்த போதெல்லாம், அந்நூலை எழுதியவரின் நாட்களுக்கு விலை கொடுப்பவர் யார் என்ற கேள்வி எஞ்சியே நின்றது. மில்ற்றன் தெருவிற் பழைய பெயர்ப்பலகை இல்லை. கிசிங்கின் நாவலை இன்று திறப்போர்க்கு அத்தெரு வெகு தூரத்தில் இல்லை என்பது விளங்கும்.