பிழை நாணயம் எப்போது பிறந்தது?

அண்மையில் ஆய்வு மாணவர் ஒருவர் ஒரு ரூபாய் நாணயமொன்றைக் காட்டினார். ஒரு பக்கத்தில் வழக்கமான பொறிப்பு. மறுபக்கத்தில் அதே பொறிப்பு குழிவாக, இடம் வலம் மாறி இருந்தது. முன்பு அடித்த நாணயம் முத்திரை அச்சில் ஒட்டிக்கொள்ள, அடுத்த வில்லை அதன்மீது மோதினால் இத்தகைய பிழை உண்டாகும். பெரும் விலை கொடுத்து வாங்கியிருந்தார். விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டு ஒளியில் படமெடுத்தபோது, குழிவின் அடியில் அந்தப் பக்கத்துக்குரிய பழைய பொறிப்பின் எச்சம் தெரிந்தது. உண்மையான பிழையில் அந்தப் பொறிப்பு விழுந்திருக்கவே முடியாது. இரண்டு நாணயங்களைப் பிடிகருவியில் வைத்து நெருக்கிய கைவேலை அது.

இந்நிகழ்ச்சி என்னை ஓர் அடிப்படைக் கேள்விக்கு இட்டுச் சென்றது: நாணயத்தில் ‘பிழை’ என்பது என்ன?

முகலாயர் கால வெள்ளி ரூபாய்கள் சுத்தியலால் அடிக்கப்பட்டவை. முத்திரை அச்சு பெரும்பாலும் வில்லையைவிட அகன்றது. ஆகவே அரசரின் பெயரோ அக்கசாலையின் பெயரோ பாதி வெளியே போய்விடும். அதை எவரும் பிழை என்று கொள்ளவில்லை. சராப்பு எடையையும் மாற்றையும் நோக்கினார். பொறிப்பு மையத்தில் விழுந்ததா என்பது அவருக்குப் பொருட்டன்று.

1835இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுமைக்கும் ஒரே சீரான ரூபாயைச் சட்டமாக்கியது. எடை 180 கிரெய்ன். முகப்பில் நான்காம் வில்லியமின் தலை. நீராவி இயந்திரங்கள் பூட்டிய கல்கத்தா அக்கசாலை ஒன்றைப்போல் மற்றொன்றை அடித்துத் தள்ளியது. சீர்மை வாக்குறுதியான பின்னரே அதிலிருந்து விலகியது பிழையாயிற்று. பிழை நாணயம் இயந்திர யுகத்தின் குழந்தை.

1911ஆம் ஆண்டின் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயை இவ்வரிசையில் சேர்ப்பது பொருந்தாது. மன்னரின் அங்கியிலிருந்த யானை மக்கள் கண்ணுக்குப் பன்றியாகத் தோன்றியதால் எதிர்ப்பு எழுந்தது. 1912இல் உருவம் திருத்தப்பட்டது. அங்கே இயந்திரம் தவறவில்லை; வரைந்தவரின் கண்ணும் பார்த்தவரின் கண்ணும் வேறுபட்டன. அது வடிவமைப்பின் வரலாறு.

இயந்திரப் பிழைகளை மூன்று இடங்களில் தேடலாம்: வில்லை, அச்சு, அடி. பிறை வடிவில் வெட்டுண்ட வில்லையில், வெட்டுக்கு நேர் எதிரே விளிம்பு மழுங்கியிருப்பது மெய்ப்புக்கு நல்ல சான்று. பின்னர் அரத்தால் அறுத்தவர் இதை உண்டாக்க இயலாது. விரிசல் கண்ட அச்சு, நாணயத்தில் மேடான கோட்டை விடும். கீறல் பள்ளமாகவே இருக்கும். இன்றைய இந்திய நாணயத்தைப் புத்தக ஏடுபோலப் புரட்டினால் இரு பக்கமும் நேராக நிற்கும். சாய்ந்து நின்றால் அச்சு சுழன்றிருக்கிறது. சாய்வின் கோணத்தைப் படத்திலேயே அளக்கலாம்.

எனவே படம் அலங்காரமன்று, ஆவணம். ஒளிப்படக் கருவியைத் தாங்கியில் செங்குத்தாக நிறுத்துங்கள். இரு பக்கங்களையும் ஒரே உயரத்திலிருந்து, அளவுகோலுடன் எடுங்கள். பரவிய ஒளியில் ஒன்று, தாழ்ந்த ஒளியில் ஒன்று, விளிம்பு தனியே ஒன்று. எடையை நூறில் ஒரு கிராம் வரை குறியுங்கள். நாணயத்தைத் தேய்த்துத் துலக்காதீர்கள். தேய்த்தால் மேற்பரப்புச் சான்று அழியும்.

அக்கசாலை தான் கண்ட பிழைகளை உருக்கிவிடுகிறது. கண்ணுக்குத் தப்பியவை மட்டுமே நம் கைக்கு வருகின்றன. இயந்திரம் ஒருகணம் தடுமாறியதற்கு அவையே சாட்சி. எடையும் விளிம்பும் இல்லாத படத்தால் அந்தச் சாட்சி ஊமையாகிறது. போலி செய்பவர் அதற்குக் குரல் கொடுத்துவிடுகிறார். சேகரிப்பாளர்களின் பெட்டிகளில் உறங்கும் நாணயங்களை முறையாகப் பதிவு செய்வதை நம் மாணவர்கள் ஆய்வுப் பணியாகவே கருத வேண்டும்.