துருக்கியச் சமையல்

துருக்கியச் சமையல், மத்திய ஆசியப் புல்வெளிகளில் மந்தை மேய்த்துத் திரிந்த ஒரு ஜனசமூகத்தின் எளிய ஆகாரமும், பாரசீகம், அரபு நாடுகள், பால்கன் பிரதேசம் ஆகியவற்றின் பாகமுறைகளும், அனதோலிய மண்ணின் விளைபொருள்களும் ஒரே கொப்பரையில் சேர்ந்து பக்குவப்பட்டதால் உருவான மரபாகும். துருக்கியர் மேற்கு நோக்கிப் பெயர்ந்தபோது உடன் கொணர்ந்த செல்வங்களுள் தலையாயது தயிர்; 'யோகுர்ட்' என்று ஐரோப்பிய மொழிகள் பலவும் அதற்கு வழங்கும் பெயர் துருக்கி மொழிச் சொல்லே என்பதும், 11ஆம் நூற்றாண்டில் மஹ்மூத் அல்-காஷ்கரி தொகுத்த துருக்கி மொழி அகராதியிலேயே அது காணப்படுகிறது என்பதும் அதன் தொன்மையைப் புலப்படுத்தும்.

அரண்மனை மரபு: 1453இல் கான்ஸ்டான்டிநோபிளைக் கைப்பற்றிய சுல்தான் இரண்டாம் மெஹ்மெத் எழுப்பிய தோப்காப்பி அரண்மனையின் மடைப்பள்ளிகளில், புலவு, சுட்ட இறைச்சி, இனிப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விற்பன்னர் அமர்த்தப்பட்டதால், நாடோடிகளின் உணவு நுண்கலையாக உயர்ந்தது. சுல்தானின் ஜானிசாரிப் படையில் தலைவர் ஒருவருக்குச் 'சோர்பாஜி', அதாவது சூப்புக்காரர், என்பதே பதவிப் பெயர். படைவீரர் தம் கொப்பரையைக் கவிழ்த்துவிட்டால் அதுவே கலகத்தின் அறிகுறி. அரசனுக்கும் குடிகளுக்கும் இடையிலான பந்தம் அன்னத்தால் பிணைக்கப்பட்டது என்னும் கருத்தை இவ்வழக்கங்கள் தெளிவாகக் காட்டுகின்றன.

சுவை நெறி: மசாலைப் பொருள்களைக் குவிப்பது துருக்கியர் சம்பிரதாயமன்று, இறைச்சியும் காய்கறியும் தத்தம் இயல்பான ருசி கெடாமல் நிற்க, வெண்ணெயோ ஆலிவ் எண்ணெயோ அதற்குத் துணையாகவும், உலர்ந்த புதினா, சீரகம், மிளகாய்ச் சிதறல் ஆகியவை அளவோடும் சேர்க்கப்படும். புளிப்பைத் தருவன எலுமிச்சை, சுமாக்குப் பழத்தூள், மாதுளைச் சாற்றைக் காய்ச்சி இறுக்கிய பாகு ஆகியவையாம்.

பதார்த்தங்கள்: ஆட்டிறைச்சியையும் வால்கொழுப்பையும் வளைந்த கனத்த கத்தியால் கொத்தி, அகன்ற இருப்புக் கம்பியில் பிடித்துத் தணலில் சுடுவது அதானா கெபாப். செங்குத்தான கம்பியில் சுழன்று வெந்த இறைச்சியை மெல்லிய சீவல்களாக்கி, அப்பத்துண்டுகளின்மேல் பரப்பி, தக்காளிச் சாறும் உருக்கிய வெண்ணெயும் வார்த்துத் தயிருடன் படைப்பது புர்சா நகரின் இஸ்கெந்தர் கெபாப். கய்சேரி நகரத்து 'மந்தி', ஒரு கரண்டியில் நாற்பது அடங்க வேண்டும் என்று சொல்லப்படும் சின்னஞ்சிறு மாவுப்பொதி; பூண்டுத் தயிர் அதன்மேல் வார்க்கப்படும். அரிசிப் பூரணத்தைத் திராட்சை இலையில் சுருட்டினால் 'சர்மா', காயினுள் திணித்தால் 'தோல்மா'. வெங்காயமும் தக்காளியும் நிறைத்து ஆலிவ் எண்ணெயில் வேகவைத்த கத்தரிக்காய்க்கு 'இமாம் பாயில்டி', அதாவது 'இமாம் மூர்ச்சித்தார்', என்று பெயர். அதன் ருசியில் மெய்மறந்தார் என்பர் சிலர், அதற்குச் செலவான எண்ணெயைக் கேட்டு மயங்கினார் என்பர் வேறு சிலர்.

பிரதேச வேறுபாடுகள்: கருங்கடற் கரையில் நெத்திலியும் மக்காச்சோளமும், ஈஜியன் கரையில் ஆலிவ் எண்ணெயில் சமைத்து ஆறவைத்து உண்ணும் காய்கறிகளும், தென்கிழக்கில் கெபாபும் பிஸ்தாவும் பிரதானம். அத்தென்கிழக்கிலுள்ள காஜியந்தெப் நகரம் 2015இல் யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரங்கள் வரிசையில் உணவுக்கலைக்காகச் சேர்க்கப்பட்டது.

இனிப்பும் பானமும்: கண்ணாடி போன்ற மாவுத்தாள்களை அடுக்கி, இடையே பிஸ்தாவோ அக்ரோட்டோ தூவிச் சுட்டுப் பாகு வார்த்த பக்லாவா, ரமலான் 15ஆம் நாளில் ஜானிசாரிகளுக்குப் பத்துப் பேருக்கு ஒரு தட்டு வீதம் அரண்மனையிலிருந்து ஊர்வலமாக அனுப்பப்பட்டது. உணவோடு தயிரை நீரும் உப்பும் சேர்த்துக் கடைந்த அய்ரானும், உணவுக்குப் பின் வடிகட்டாத காப்பியும் பருகுவர். காலை உணவுக்குரிய 'கஹ்வால்தி' என்னும் சொல்லே, காப்பிக்கு முன் உண்பது என்னும் பொருளினது.

சமூகப் பொருள்: முஹர்ரம் மாதத்தில் தானியமும் பருப்பும் உலர்கனிகளும் கலந்து காய்ச்சும் அஷூரே, நோவாவின் கப்பலில் எஞ்சியவற்றைக் கொண்டு ஆக்கிய உணவின் நினைவாகக் கருதப்பட்டு, அண்டை வீடுகளுக்கெல்லாம் பகிரப்படுகிறது. கல்யாணம் முதலிய விசேஷங்களில் ஊரார் கூடி, கோதுமையை உரலில் குற்றி, இறைச்சியுடன் பெருங்கொப்பரையில் இரவெல்லாம் வேகவைத்து, மரத்தடியால் மசித்து ஆக்கும் கெஷ்கெக், 2011இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அங்ஙனம் சிறப்பிக்கப்பட்டது அப்பதார்த்தத்தின் ருசி மட்டுமன்று, விடியும்வரை கொப்பரையைச் சுற்றி நின்று அதனைக் கிண்டும் பல கைகளின் ஒற்றுமையுமாகும்.