சரியான சுரங்கள், தவறான வரிசை

பெரிய கலைஞர் ஒருவர் கேலிக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தால் அவருடைய மதிப்பு குறையுமா? 1971 டிசம்பர் 25 அன்று பிபிசி ஒளிபரப்பிய ஒரு நகைச்சுவைக் காட்சி இதற்கு விடை சொல்கிறது. எரிக் மோர்கம், எர்னி வைஸ் என்னும் புகழ்பெற்ற இரட்டையர் வழங்கிய கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி அது. அவர்களுடன் நடித்தவர் ஆந்த்ரே பிரெவின். லண்டன் சிம்பொனி இசைக்குழுவின் அன்றைய முதன்மை நடத்துநர். திரையிசைக்காக நான்கு ஆஸ்கர் விருதுகள் பெற்றவர்.

வயலின் மேதை யெஹுதி மெனுஹின் வாசிப்பார் என நம்பி வந்த பிரெவினுக்கு, அவருக்குப் பதிலாக எரிக் க்ரீக்கின் பியானோ கான்செர்ட்டோவை வாசிக்கப்போவதாகச் சொல்லப்படுகிறது. பிரெவினின் பெயரையே ‘பிரிவியூ’ என்று சிதைத்து அழைக்கும் எரிக், தொடக்க இசை முடிவதற்குள் பியானோவை எட்ட முடியவில்லை. உடனே அந்த இசை போதிய நீளம் இல்லை என்று குறைகூறுகிறார். பியானோவின் மூடி மறைப்பதால், அவருக்குச் சைகை காட்ட நடத்துநர் துள்ளிக் குதிக்க நேர்கிறது. ஒருவழியாக வாசித்ததும் வேறு ஏதோ மெட்டு. எல்லாச் சுரங்களும் தவறு என்கிறார் பிரெவின். அவருடைய கோட்டைப் பற்றிக்கொண்டு, சுரங்கள் அனைத்தும் சரியே, வரிசைதான் சற்று மாறியிருக்கலாம் என்கிறார் எரிக்.

இக்காட்சியின் முந்தைய வடிவம் ஒன்றை இரட்டையர் 1960களின் தொடக்கத்திலேயே நடித்திருந்தனர். அதில் இத்தகைய இசைமேதை எவரும் இல்லை. எட்டி பிரேபன் புதுக்கி எழுதிய வடிவில் பிரெவின் வந்து நின்றதும் காட்சி வேறு உயரத்தை எட்டியது. காரணம், அவர் சிரிக்கவே இல்லை. உண்மையான ஒத்திகையில் அரைகுறைக் கலைஞரை எதிர்கொள்ளும் நடத்துநரின் சினத்தையே முகத்தில் காட்டினார். அந்தச் சினத்துக்குப் பின்னால் மெய்யான புலமை இருந்ததால்தான் எரிக்கின் அசட்டுத் துணிச்சல் நகைப்பூட்டியது. போலி நடத்துநரிடம் அது வெறும் கூச்சலாகியிருக்கும்.

செலவழித்தால் குறைவதே செல்வம் என்று பொருளியல் வகுப்பில் பல்லாண்டுகள் கற்பித்தவன் நான். கலைஞரின் கண்ணியம் அவ்விதிக்குள் அடங்குவதில்லை. லண்டன் டாக்சி ஓட்டுநர்கள் பின்னாளில் தம்மை ‘பிரிவியூ’ என்றே அழைத்ததைப் பிரெவின் மகிழ்ச்சியுடன் சொல்லிவந்தார். இசையரங்கின் வாயிலை மிதித்திராத பலருக்கும் நடத்துநர் ஒருவரின் பெயர் தெரிந்திருந்தது. க்ரீக்கின் தொடக்க இசையும் செவியில் பதிந்தது. 2019இல் அவர் மறைந்தபோது இரங்கற்குறிப்புகள் பல இக்காட்சியையும் நினைவுகூர்ந்தன. அது அவருக்கு இழுக்கன்று. தம் கலையில் ஐயமற்றவரே தம்மைக் கேலிக்குத் தர இயலும்.