தோட்டத்து மருந்தறையும் வலிநீக்கிகளும்

கோலா சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களின் வரலாற்றைப் பேசுவோர் மரங்களையே முதலில் பேசுவர். பத்தாங் பெர்ஜுந்தைக்கு (இன்றைய பெஸ்தாரி ஜெயா) அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில் 1917ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை நிறுவியமை பலரும் அறிந்ததே. அம்மரங்களின் அடியில் உழைத்தோரின் இடுப்புவலியும் தலைவலியும் எவ்வாறு தணிந்தன என்பதை எழுதிவைத்தோர் மிகச் சிலர்.

தோட்டத்து மருந்தறைக்கு டிரெஸ்ஸரே அதிகாரி. மலேரியாவே அந்நாளைய பெரும் பகையாதலால் கொய்னா முதலிடம் பெற்றது. வலிக்கோ, 1899இல் பாயர் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆஸ்பிரின் உலகெங்கும் பரவியது. ஆஸ்பிரின், ஃபினாசிட்டின், காஃபீன் மூன்றும் கலந்த 'ஏ.பி.சி.' மாத்திரையும் ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளில் பெருவழக்காயிற்று. நெடுங்காலம் உண்டோரின் சிறுநீரகத்தை ஃபினாசிட்டின் கெடுத்ததால் அது பின்னர்ப் பல நாடுகளில் விலக்கப்பட்டது. அது உடலுக்குள் பாராசிட்டமாலாக மாறியே வலியைத் தணிக்கிறது என்பதை 1949இல் பிராடியும் ஆக்சல்ராடும் காட்டினர். வலியைத் தணித்த பொருள் ஒன்று, அதைச் சுமந்துவந்த நஞ்சு வேறொன்று; மருந்து வரலாற்றில் இதுபோன்ற விந்தைகள் உண்டு.

பெரியவர்க்கான மாத்திரையை ஒடித்துக் குழந்தைக்குக் கொடுப்பது எளிய வழியாகத் தோன்றும். ஆனால் குழந்தை என்பது சிறிய பெரியவர் அன்று. மூளையும் ஈரலும் ஒருசேரக் கெடும் ஒரு நோயைச் சிட்னி மருத்துவர் டக்ளஸ் ரேய் 1963இல் விவரித்தார். சளிக்காய்ச்சலிலும் சின்னம்மையிலும் ஆஸ்பிரின் கொடுக்கப்பட்ட சிறார்க்கே அது மிகுதியாக வருவது 1980களில் தெரியவந்தது. 1986இல் பிரிட்டன் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்கு அம்மருந்தை நிறுத்தியது. சிலாங்கூருக்கு இன்னொரு காரணமும் உண்டு. டெங்கி மலிந்த மாநிலம் இது. டெங்கியில் ஆஸ்பிரினும் இபுபுரோஃபெனும் குருதிக்கசிவைப் பெருக்கக்கூடும். ஆகவே காரணம் தெரியாத காய்ச்சலுக்குப் பாராசிட்டமாலே தகும்.

அதற்கும் அளவுண்டு. குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளி. நாளொன்றுக்கு நான்கு முறைக்கு மேல் ஆகாது. பெரியவர்க்கு நாளொன்றுக்கு 4 கிராமே உச்சம். மீறினால் ஈரல் கெடும். சளி மருந்துகள் பலவற்றிலும் பாராசிட்டமால் ஒளிந்திருப்பதால் ஒருவரே அறியாமல் இருமடங்கு உண்ண நேர்வதுண்டு.

மாத்திரைக்கு இணையாக வீடுதோறும் இருந்தது கோடாலித் தைலம். அதிலுள்ள மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரினின் உறவே. பூசினால் இதம், தவழும் குழந்தை எடுத்துக் குடித்துவிட்டாலோ சிறிதளவே நஞ்சு. உடன் கலந்த கற்பூரமும் சிறார்க்கு வலிப்பை உண்டாக்கவல்லது.